டெலிபோன் வயரை அறுத்தால் யாருக்குப் பயம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் குறும்படங்களைப் பற்றிப் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்த வாசகர், யார் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டு எடுத்தால் அது கலை இல்லை, வெறும் சரக்கு என்று முடித்திருந்தார். கணக்கே போடாமல் ஒரு படம் எடுத்து மாட்டிக்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு படிக்கிறேன். சென்ற பருவத்தில் ஐந்து பேர் சேர்ந்து 9 நிமிட த்ரில்லர் ஒன்று எடுத்தோம். ஒலியும் எடிட்டிங்கும் என் பொறுப்பு. படப்பிடிப்புக்கு முன்பு துறையில் கொடுக்கும் படிவத்தில் 'இலக்குப் பார்வையாளர்' என்று ஒரு கட்டம் உண்டு. '15 முதல் 60 வயது வரை, த்ரில்லர் ரசிகர்கள் அனைவரும்' என்று எழுதிக் கொடுத்தோம். எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

கதை இதுதான். இரவில் ஒரு பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். வெளியே ஒருவன் டெலிபோன் வயரை அறுக்கிறான். அவள் ரிசீவரை எடுக்கிறாள், லைன் இருக்கிறது என்று காட்டும் டயல் டோன் ஒலி இல்லை. அந்த வயர் குளோசப்புக்கு மட்டும் மூன்று மணி நேரம் லைட்டிங் செய்தோம். டயல் டோன் வர வேண்டிய இடத்தில் நான் வைத்த மௌனத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

முதல் திரையிடல் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. வயர் அறுந்தது, நான் ஆசைப்பட்ட மௌனமும் வந்தது. அந்த மௌனத்தில் ஒரு பையன், "அது என்ன, நெட் கேபிளா?" என்றான். அரங்கமே சிரித்தது. மீதிப் படம் முழுவதும் ஒருவரும் பயப்படவில்லை. திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் அவர்களை அழைத்து வந்த ஆசிரியர்கள் மட்டும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆக, நாங்கள் அறியாமலே நாற்பது வயதுக்காரர்களுக்குப் படம் எடுத்திருக்கிறோம். எங்களுக்கே பயம் என்றால் பழைய படங்களில் பார்த்த பயம்தான். எங்கள் வீட்டில் யாரும் லேண்ட்லைன் பேசி நான் பார்த்ததே இல்லை.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு என்று த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன உதாரணம் சினிமா படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது சொன்னார். குண்டு திடீரென்று வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. அது இருப்பது முன்பே தெரிந்தால் 15 நிமிடம் படபடப்பு. பரீட்சையில் இதை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் மேசைக்கு அடியில் இருப்பது குண்டு என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமே! எங்கள் குண்டு அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் வயர்.

சரி, அவர்களிடமே கேட்போம் என்று ஒரு படிவம் கொடுத்தோம். 'த்ரில்லர் பிடிக்குமா?' என்ற கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்று டிக் அடித்திருந்தார்கள். அதை வைத்து என்ன செய்வது? அப்புறம் கேள்வியை மாற்றினோம். 'வீட்டில் தனியாக இருந்தபோது கடைசியாக எதற்குப் பயந்தாய், அப்போது எந்த அறையில் இருந்தாய்?' இதற்குத்தான் உயிருள்ள பதில்கள் வந்தன. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிற தோழி மெசேஜில் 'ஆன்லைன்' என்று காட்டியதாக ஒருத்தி எழுதியிருந்தாள். இன்னொருத்தி எழுதியது: 'குளித்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் சத்தம். அம்மாதான். ஆனால் அம்மா ஏன் என்னைக் கூப்பிடவில்லை?'

பழைய படத்தைத் தூக்கிப் போட்டோம். அந்தக் கடைசி வரியைத்தான் படமாக எடுத்தோம், அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு.

இந்தத் தடவை 'இலக்குப் பார்வையாளர்' கட்டத்தில் நீட்டி முழக்கவில்லை. 16 முதல் 19 வயதுப் பெண், இரவில், படுக்கையில், கைபேசியில், இயர்போனோடு தனியாகப் பார்க்கிறாள். இவ்வளவுதான். ஆனால் இதற்கப்புறம் எடுத்த ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு வரிதான் எடுத்தது. லேபில் பெரிய மானிட்டரில் பார்த்து இருட்டாக வைத்திருந்த காட்சிகள், வெளிச்சத்தைக் குறைத்து வைத்த கைபேசியில் வெறும் கறுப்பு. பார்ப்பவரின் முகம்தான் அதில் தெரிந்தது. நடைவழியின் கோடியில் ஒரு விளக்கைப் போட்டோம். பழைய படத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்து நான் செய்த அடித்தொனி உறுமல், இயர்போன் இல்லாமல் போட்டுப் பார்த்தபோது காணாமலே போனது. கைபேசியின் குட்டி ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பச் சக்தி கிடையாது. அதனால் பயத்தைத் தாழ்ப்பாளுக்கும், சொட்டுகிற குழாய்க்கும், செருப்புச் சத்தத்துக்கும் மாற்றினேன். இயர்போன் போட்டால் செருப்புச் சத்தம் இடது காதில் மட்டும் கேட்கும். டைட்டிலும் மேகமுமாகப் போன முதல் 40 விநாடி போயிற்று. இப்போது முதல் ஷாட்டே குளியலறைக் கதவு. ரத்தம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ரத்தம் இருந்தால் பள்ளியில் போட விடமாட்டார்கள்.

இப்படி ஒரு சின்ன வட்டத்தைக் குறிவைப்பது படத்தைக் குறுக்கிவிடும் என்கிறார் அந்த வாசகர். இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் சுமார் 7,000 டாலரில் எடுத்த 'எல் மரியாச்சி', ஸ்பானிஷ் மொழி வீடியோ சந்தையை மட்டும் மனதில் வைத்து எடுத்த படம். அதை ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம் வாங்கி 1993இல் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது. யாருக்கு என்று தெரிந்து எடுத்ததால் அந்தப் படத்துக்கு என்ன குறைந்துவிட்டது?

எங்களுக்கும் அப்படி நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு போட்டிக்கு அனுப்பினோம், முதல் சுற்றிலேயே வெளியே. 'படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை' என்று நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். வருத்தமாகத்தான் இருந்தது. ஒருவேளை பழைய படத்தை அனுப்பியிருந்தால் அவருக்குப் பிடித்திருக்குமோ என்னவோ.

போட்டிக்கு முன்பே அதே பள்ளிக்குப் போய், காலி வகுப்பறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மாணவியாகக் கூப்பிட்டுக் கைபேசியையும் இயர்போனையும் கொடுத்தோம். யார் எந்த விநாடியில் கண்ணை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள நான் நோட்டோடு கடைசி பெஞ்சில் இருந்தேன். மூன்றாவதாக வந்த பெண் செருப்புச் சத்தம் வருகிற இடத்தில் இடது காது இயர்போனை மட்டும் கழற்றிவிட்டு, வகுப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மறுபடி மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

இப்படிக்கு,
விஸ்காம் இறுதியாண்டு மாணவி ஒருத்தி