சைட்டோமெகலோவைரஸ் என்ற பெயரைக் கர்ப்பிணிகளிடம் சொல்லுங்கள்: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் வேலை. நாங்கள் நிரப்பும் படிவத்தில் 'குறைபாட்டுக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதில் 'தெரியவில்லை' என்றுதான் எழுதுகிறோம். அந்தத் 'தெரியவில்லை'களில் ஒரு பகுதி கருவிலேயே தொற்றிய சைட்டோமெகலோவைரஸாக இருக்கும் என்று நம்ப எல்லாக் காரணமும் இருக்கிறது. பரம்பரை சாராத பிறவிச் செவித்திறன் குறைவுக்கு முதன்மையான காரணம் அதுதான். ஆனால் எங்களிடம் வரும்போது குழந்தைக்கு இரண்டு வயது ஆகியிருக்கும். பிறந்த 21 நாட்களுக்குள் உமிழ்நீரையோ சிறுநீரையோ சோதித்திருந்தால் மட்டுமே, தொற்று கருவில் வந்ததா, பிறகு வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியும். பிறந்தபோது எடுத்த உலர்ந்த ரத்தச் சொட்டைப் பத்திரப்படுத்தியிருந்தால் ஓரளவு வழியுண்டு. எத்தனை பேரிடம் அது இருக்கிறது?

நீங்கள் வைரஸ்களை அலட்சியம் செய்கிறீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதுவும் செய்யாமல் விட்டால் எச்.ஐ.வி. தாயிடமிருந்து 15 முதல் 45 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றும். சிகிச்சையால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிறீர்கள். ரூபெல்லாவின் (ஜெர்மன் தட்டம்மை) கதை இன்னும் பழையது. 1941-இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, அவர்களில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரூபெல்லா வந்திருந்தது தெரிந்தது. கருவுக்குள் வைரஸ் நுழைந்து உறுப்புகளைக் குலைக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது அதன் பிறகுதான். இன்று தடுப்பூசியின் புண்ணியத்தில் பல நாடுகளில் பிறவி ரூபெல்லாவைப் பார்ப்பதே அரிது.

சைட்டோமெகலோவைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. சுமார் 200 குழந்தைகளில் ஒன்று இந்தத் தொற்றோடு பிறக்கிறது. சில நாடுகளில் இதைவிட அதிகம். அப்படிப் பிறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் செவித்திறன் குறைவோ, வளர்ச்சிக் குறைபாடோ நிரந்தரமாக நின்றுவிடுகிறது. இவ்வளவு இருந்தும், எங்களிடம் வரும் தாய்மார்களில் அநேகம் பேர் இந்தப் பெயரை எங்கள் வாயிலிருந்துதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

தொற்று எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பல வீடுகளில் அது மூத்த குழந்தையிடமிருந்து வருகிறது. ஓடியாடும் இரண்டு வயதுக் குழந்தை, காய்ச்சலோ சளியோ இல்லாமலே, மாதக்கணக்கில் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அது பாதி தின்று வைத்ததைத் தாய் வாயில் போட்டுக்கொள்வாள்; கீழே விழுந்த சூப்பானை ஒருமுறை தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுப்பாள். தாய்க்குத் தெரிவதெல்லாம் இரண்டு நாள் அசதி. பல சமயம் அதுவும் இல்லை. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் கருவுக்குத் தொற்றும் வாய்ப்பு குறைவு, தொற்றினால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் நிலைமை தலைகீழ்.

இதையெல்லாம் தாயிடம் எடுத்துச் சொல்வதற்கு மாறாக, சில இடங்களில் நடப்பது என்ன? கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளைத் தேடும் 'டார்ச்' ரத்தப் பரிசோதனை ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் எழுதிக் கொடுக்கப்படுகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டும் 'ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்' என்ற வரியைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுதவர்களை எனக்குத் தெரியும். அது எப்போதோ வந்துபோன தொற்றின் அடையாளம் மட்டுமே என்று அந்தத் தாளை நீட்டியவர்கள் சொல்லவில்லை. தொற்றின் தொடக்கத்தில் தோன்றும் எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம். பாசிட்டிவ் வந்தாலும், அது புதிய தொற்றுதானா என்று தெரிய, எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று பார்க்கும் அவிடிட்டி சோதனை தேவைப்படும். பேசாமல் சோதிப்பதைவிட, சோதிக்காமல் பேசுவது மேல்.

"சொன்னால் பயந்துவிடுவார்கள்" என்று ஒரு பதில் வரும். சர்க்கரை நோயைச் சொல்கிறீர்கள், ரத்தக் கொதிப்பைச் சொல்கிறீர்கள், பயணம் போகிறவர்களிடம் கொசுவால் பரவும் ஜிகா வைரஸையும் சொல்கிறீர்கள். அதையெல்லாம் தாங்குகிறவர்கள் இதையும் தாங்குவார்கள். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்பதல்ல என் கோரிக்கை. அதில் உங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நான் கேட்பது முதல் வருகையில் சில நிமிடப் பேச்சு. டயப்பர் மாற்றிய பின்னும் மூக்கைத் துடைத்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தையின் தட்டு, ஸ்பூன், சூப்பான் எதையும் தன் வாயில் வைக்கக் கூடாது. முத்தத்தை உதட்டில் கொடுக்காமல் உச்சந்தலையில் கொடுக்கலாம். மூத்த குழந்தையை ஒதுக்கி வைக்கத் தேவையே இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். முன்பு தொற்று வந்த பெண்ணுக்கும் மறுபடி வரலாம் என்பதால் இது எல்லோருக்குமான பேச்சு.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் தொற்று உறுதியானால் கைவிரிக்கும் காலமும் இப்போது இல்லை. இஸ்ரேலில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை அதிக அளவில் எடுத்துக்கொண்டவர்களில் 11 சதவீதத்தினருக்கே கருவுக்குத் தொற்று கடந்தது. மருந்தில்லாத குழுவில் அது 30 சதவீதம்.

இன்னும் ஒன்று, இது பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு. பிறந்த குழந்தை செவித்திறன் சோதனையில் தேறாவிட்டால், "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடாதீர்கள். அதற்குள் 21 நாட்கள் ஓடிவிடும். உடனே உமிழ்நீரை எடுங்கள். பாசிட்டிவ் வந்தால், தாய்ப்பாலில் உள்ள வைரஸ் கலந்திருக்கலாம் என்பதால், சிறுநீரிலும் உறுதிசெய்யுங்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் முடிவையும், முடிவு வரவில்லையென்றால் 21-ஆம் நாள் எந்தத் தேதி என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பேச்சுப் பயிற்சியாளர்