சைலன்சர் மாற்றப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

காரின் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது, நானே மாற்றிக்கொள்கிறேன் என்று நீ போனில் சொன்னதும் அம்மா பயந்துவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தாராளமாகச் செய். ஆனால் வேலை முடியும்வரை அந்த வண்டியில் குழந்தையை ஏற்றாதே. சத்தம் காதுக்குத் தொல்லை, அவ்வளவுதான். ஆபத்து, ஓட்டை வழியாகக் கசிகிற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுதான். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு சிக்னலில் நிற்கும்போது அடித்தகட்டுச் சந்து வழியாக உள்ளே வந்துவிடும். தலைவலி, தூக்கக் கலக்கம் என்றுதான் முதலில் தெரியும்.

ஊரில் இருந்தவரை நன்றாக இருந்த வண்டி சென்னைக்கு வந்ததும் ஏன் இப்படி ஆனது என்று கேட்டாய் அல்லவா? ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் நான் காலமெல்லாம் பார்த்த சங்கதி இது. பாய்லர் புகை சூடாக இருக்கும்வரை தகடு தாங்கும். புகை குளிர்ந்து வியர்க்கிற இடத்தில்தான் அரிப்பு பிடிக்கும். காரிலும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நான் காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் குழாய் கடைசிவரை சூடேறி ஈரமெல்லாம் காய்ந்துவிடும். நீ திருவான்மியூரில் பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிடுகிறாய். ஆவி தண்ணீராகிப் பின்னால் இருக்கும் சைலன்சர் பெட்டியிலேயே தேங்குகிறது. வெளியே கடற்காற்று வேறு. புதிய சைலன்சரின் அடியில் சின்னத் துளை ஒன்று இருந்தால், அது தண்ணீர் வடிவதற்கானது. அதை அடைத்துவிடாதே.

புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சைலன்சர் வாங்காதே. மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே என்ன நிலைமை என்று யாருக்குத் தெரியும்? புதிதாகவே வாங்கு. இணைப்பில் கசியாமலிருக்க வைக்கும் கேஸ்கட், போல்ட் நட், தொங்கவிடும் ரப்பர் எல்லாமே புதிதாக வேண்டும். முன்குழாயை மாற்ற வேண்டுமா என்று பார்க்க, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார். பானை வாங்கும்போது தட்டுவோமே, அதே மாதிரி. கணீரென்றால் சரி, சொத்தென்றால் உள்ளே துரு.

வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி இரவு முழுக்க ஆறவிடு. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாளே துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து வை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடு, ஹேண்ட் பிரேக் போடு, கியரில் விடு. அப்புறம் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் வைத்து வண்டியை அதன்மேல் இறக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதே. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது, பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். வண்டியை அசைத்துப் பார், ஆடக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், துரு உதிரும்.

பின்பக்க போல்ட் கழலவில்லையென்றால் ஆக்ஸா பிளேடால் அறுத்துவிடு, எப்படியும் புதிது போடப்போகிறாய். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் கிரைண்டர் மட்டும் வேண்டாம், தீப்பொறி பறக்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் ரப்பர் வழுக்கி வந்துவிடும். ஆனால் எஞ்சின் பக்கத்து ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், இறுகியிருந்தால் விட்டுவிடு. அது ஒடிந்தால் செலவு பெரிது, ஒர்க்‌ஷாப்பில் சூடு காட்டிக் கழற்றிக்கொள்ளட்டும். அங்கே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் அது. நச்சுப் புகையைக் குறைப்பதே அதுதான்.

புதியதை மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, குழாய் எங்கேயும் உரசாதபடி நேராக்கு. பிறகு முன்னிருந்து பின்னாக முறுக்கிக்கொண்டு வா. முதலிலேயே இறுக்கிவிட்டால் கோணிக்கொள்ளும், ரப்பரும் சீக்கிரம் அறுந்துபோகும். வண்டியைத் திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்து, குழாய் சூடேறுமுன் ஈரத்துணியை மடித்துப் புகைவாயில் ஓரிரு நொடி பிடி. இணைப்பில் உஸ்ஸென்றால் கசிவு இருக்கிறது. சில நாள் ஓடிய பிறகு, நன்றாக ஆறவிட்டு, எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கு. சூடேறி ஆறும்போது தளரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பி. மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதே. ஸ்டாண்ட் வைத்ததும் எனக்கு வீடியோ கால் போடு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு உள்ளே போ.

அன்புடன்,
அப்பா
காட்பாடி