முதல் நாளோடு திரும்பி வராதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனம் சோர்ந்தால் ஆலோசகரிடம் போகத் தயங்காதீர்கள் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான கட்டுரை. ஆனால் அது ஆளை ஆலோசகரின் வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு முடிந்துவிட்டது. தயக்கத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து உட்காருகிறவரை எதிரே இருப்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் நெடுங்காலம் ஆலோசகராக இருந்தவள். பயிற்சியில் இருக்கும் ஆலோசகர்கள் எழுதிவரும் குறிப்புகளைப் படித்து, அவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் இப்போது என் வேலை. அந்த அனுபவத்தில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆலோசகருக்கும் வருகிறவருக்கும் நடுவே மொழி, மதம், சாதி, வர்க்கம், பிறந்த நாடு என்று எது வேண்டுமானாலும் இடைவெளியாக நிற்கலாம். அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை உளவியலாளர் ஸ்டான்லி சூ 1977-லேயே காட்டிவிட்டார். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் மனநல மையங்களுக்கு வந்தவர்களின் பதிவுகளை அவர் ஆராய்ந்தபோது, சிறுபான்மை இனத்தவரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் அமர்வோடு நின்றுவிட்டது தெரிந்தது. வெள்ளையரில் அப்படி நின்றவர்கள் சுமார் 30 சதவீதம். ஏன் வரவில்லை என்று அவர்களைத் தேடிப்போய் யாரும் கேட்பதில்லை. ‘தொடரவில்லை’ என்று கோப்பில் எழுதி மூடிவிடுவார்கள். குறை வந்தவர் பக்கம் என்று ஆகிவிடும்.

சமீபத்தில் என் மேசைக்கு வந்த ஒரு குறிப்பைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேறு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஓர் இளம்பெண். முதல் அமர்வைப் பற்றி எழுதியிருந்தது இவ்வளவுதான்: “கண் பார்த்துப் பேசவில்லை. பதில் சொல்லத் தாமதிக்கிறார். தலைவலி, நெஞ்சு பாரம் என்று உடம்பைப் பற்றியே பேசுகிறார். உணர்வுகளைச் சொல்ல மறுக்கிறார்.” எழுதியவன் அக்கறையான பையன், நன்றாகப் படித்தவன். “தலைவலி எப்ப எப்ப வருதுன்னு கேட்டியாப்பா?” என்றேன். கேட்கவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டியதை நம்மிடம் சொல்கிறார் என்று நினைத்து, பேச்சை வேறு பக்கம் திருப்பியிருக்கிறான்.

அடுத்த அமர்வில் தலைவலியிலிருந்தே தொடங்கச் சொன்னேன். ஊரிலிருந்து போன் வரும் நாட்களில்தான் வலிக்கிறது என்று அந்தப் பெண் சொன்னார். யார் போன் செய்வார்கள், என்ன பேசுவார்கள் என்று கேட்கக் கேட்க, அப்பாவின் கடன், தான் அனுப்பும் பணம் போதாமல் போவது, அதைச் சொல்லிக்கொள்ள இங்கே ஒரு ஆள் இல்லாதது எல்லாம் வந்தன. முதல் நாள் அவர் எதையும் மறுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த வழியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். துக்கத்தை உடம்பின் வழியாகச் சொல்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கண்ணைத் தாழ்த்தியது மரியாதையாக இருக்கலாம், கூச்சமாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்காமல் இதில் எதையும் எழுதிவைக்கக் கூடாது.

இதற்கு மருந்தாக, இன்னின்ன சமூகத்தார் இப்படி இப்படி என்று பட்டியல் போட்டுச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அவற்றைக் கண்டால் எனக்கு இன்னும் பயம். மெலனி டெர்வலோன், ஜேன் மரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்த சில மணி நேரத்தில் ஒரு லத்தீன அமெரிக்கப் பெண் முனகிக்கொண்டிருக்கிறார். அங்கே வந்த மருத்துவர், இவருக்கு வலி அதிகம் போலிருக்கிறதே என்கிறார். நர்ஸ் அதைத் தள்ளிவிடுகிறார். இந்த இனத்தவர் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள், பண்பாடு பற்றிய வகுப்பில் படித்திருக்கிறேன் என்கிறார். அந்த நர்ஸ் கறுப்பினப் பெண். இனத்தை வைத்து முடிவு கட்டப்படுவது என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அப்படியும், படித்த பாடம் குறுக்கே நின்று, கட்டிலில் கிடக்கிற பெண்ணின் வலியை மறைத்துவிட்டது. அதனால்தான் அந்த இருவரும், பிற பண்பாடுகளைக் கற்று முடித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, இது ஆயுள் முழுக்கப் பணிவோடு செய்ய வேண்டிய வேலை என்று எழுதினார்கள்.

சரி, அப்படியென்றால் ஆலோசகர் என்னதான் செய்வது? கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதற்கும் வழி இருக்கிறது. மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1970-களிலேயே சில எளிய கேள்விகளை முன்வைத்தார். உங்களுக்கு வந்திருப்பது என்ன என்று நினைக்கிறீர்கள், எதனால் வந்தது, அதில் உங்களுக்கு எதைக் கண்டு அதிகப் பயம் என்கிற மாதிரி. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இதே நோக்கத்தோடு 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் முறை இருக்கிறது. உங்கள் பிரச்சினையை வீட்டாரிடம் சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள்? இது எதனால் வந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள்? இதுவரை யாரிடமெல்லாம் உதவி தேடினீர்கள்? எது தடையாக இருந்தது? கடைசியில், நீங்களும் நானும் வேறுவேறு பின்னணியில் வந்தவர்கள், நான் உங்களைச் சரியாகப் புரிந்துகொள்ளமாட்டேனோ என்ற கவலை உங்களுக்கு இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்கிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு வாயில் வராத கேள்வி அந்தக் கடைசிக் கேள்விதான். கேட்டுவிட்டால், பல பேருக்கு அங்கேதான் தோள் இறங்கி மூச்சு சீராகிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குடும்பம் என்று வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒருவர் வருகிறார். ரகசியம் காக்க வேண்டும் என்ற விதியைச் சொல்லி, அண்ணனை வெளியே உட்காரவைத்துவிடுகிறோம். வந்தவருக்கோ, அண்ணனுக்குத் தெரியாமல் பேசுவது துரோகம் போல இருக்கிறது. விதி சரியான விதிதான், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் சில நிமிடம் தனியாகப் பேசி, அண்ணன் உள்ளே இருப்பது உங்களுக்கு விருப்பமா, எதை அவர் முன்னால் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று கேட்டுக்கொள்ளலாமே. தனியாக முடிவெடுப்பதுதான் முதிர்ச்சி என்பது நம் பாடப்புத்தகங்கள் நமக்குள் ஏற்றிவைத்த எண்ணம். அந்தப் புத்தகங்கள் யாரைப் பார்த்து எழுதப்பட்டவை? ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் 2010-இல் சுட்டிக்காட்டியபடி, முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள். உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம்தான்.

அப்புறம், “நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க” என்கிற வேண்டுகோள். அறிவுரை சொல்லக்கூடாது என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு என்ன தோணுது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டால், வந்தவர் வெறுங்கையோடு போகிறார். ஸ்டான்லி சூவும் நோலன் ஸேனும் 1987-இல் இதைப் பற்றி எழுதினார்கள். முதல் சந்திப்பிலேயே வந்தவருக்குக் கையில் ஏதாவது கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பதற்றம் கொஞ்சம் குறைவதாக இருக்கலாம், இந்த நிலையில் யாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்ற ஆறுதலாக இருக்கலாம். இந்திய மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி அதற்கும் முன்பே, 1973-இல், குரு–சீடர் உறவை ஆலோசனைக்கான ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். வழிகாட்டச் சொல்லி வருகிறவர் சொந்தப் புத்தி இல்லாதவர் அல்ல. அவர் வளர்ந்த இடத்தில் பெரியவர்களின் உதவி அந்த வடிவில்தான் வரும்.

மக்களுக்குப் பழகிய வடிவில் உதவி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜிம்பாப்வே ஒரு சான்று. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய முயற்சியில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார மையங்களின் வளாகத்தில் மர பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களோடு பேசி, ஒவ்வொரு பிரச்சினையாக எடுத்துத் தீர்வு தேட உதவுகிறார்கள். 573 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சுக்கு வந்தவர்களில் மனச்சோர்வு இருந்தவர்கள் 13.7 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 49.9 சதவீதம். பட்டம் பெற்ற ஆலோசகர்களான நாங்கள் அந்தப் பாட்டிமார்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மொழிக்கு வருகிறேன். என் மனதை அதிகம் வருத்துவது இதுதான். ஆலோசகருக்கும் வருகிறவருக்கும் பொதுவான மொழி இல்லாதபோது, கூட வந்த பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கிறார்கள். ஒரு மையத்தில் பள்ளிக்கூடச் சிறுவன் ஒருவன் அம்மாவுக்கும் ஆலோசகருக்கும் நடுவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அம்மா அழுதுகொண்டே நீளமாக ஏதோ சொன்னார். பையன் ஆலோசகரைப் பார்த்து, “அம்மாவுக்குத் தூக்கம் வரலையாம்” என்றான். அவ்வளவுதான். குறிப்பிலும் ‘தூக்கமின்மை’ என்று ஏறியது. அந்தத் தாய் பிள்ளையை வைத்துக்கொண்டு எதையெல்லாம் சொல்லாமல் விழுங்கினாரோ, சொன்னதில் எதையெல்லாம் அவன் விழுங்கினானோ, இரண்டும் அந்த அறையிலேயே போயிற்று. அதைச் சுமந்துகொண்டு அன்று மாலை அவன் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளருக்குச் செலவு ஆகும் என்பார்கள். ஆகட்டும். கிரைனர், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் 76 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே தரப்பட்ட சிகிச்சை, ஆங்கிலத்தில் தரப்பட்டதைவிட இரு மடங்கு பலன் தந்திருக்கிறது. இதற்குச் செலவழிக்காமல் வேறு எதற்குச் செலவழிப்பது?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பண்பாட்டை மதிப்பது வேறு, அதைக் காரணம் காட்டிக் கொடுமையைக் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. கணவர் அடிக்கிறார் என்று சொன்ன ஒரு பெண்ணின் கோப்பில் ‘இவர்கள் சமூகத்தில் இது சகஜம்’ என்று எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். படித்த அன்று கை நடுங்கிவிட்டது. சகஜம் என்று அந்தப் பெண் நினைத்திருந்தால், யாருக்கும் தெரியாமல் கிளம்பி ஓர் அந்நியரிடம் வந்து ஏன் சொல்கிறார்? எந்தச் சமூகத்திலும் அடிக்கிறவனுக்கு ஒரு பேச்சு உண்டு, அடிபடுகிறவளுக்கு ஒரு பேச்சு உண்டு. அடிக்கிறவனின் பேச்சை மட்டும் பண்பாடு என்று எழுதிக்கொள்ள ஆலோசகருக்கு எந்த உரிமையும் இல்லை. அவள் பத்திரமாக இருக்கிறாளா என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மையங்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் அமர்வின் பெரும்பகுதி இப்போது படிவம் நிரப்புவதிலேயே போய்விடுகிறது. வயது, தொழில், மருந்து என்று கட்டங்களை நிரப்பி முடிப்பதற்குள் நேரம் முடிந்து, அடுத்தவர் கதவைத் தட்டுகிறார். வந்தவர் தன் கதையைத் தன் போக்கில் சொல்ல அந்த நாளைக் கொடுங்கள், படிவத்தை அடுத்த முறை நிரப்பிக்கொள்ளலாம். முதல் அமர்வோடு நின்றுவிட்டவர்களுக்கு ஒரு போன் செய்து, எங்களிடம் எது சரியில்லை என்று கேளுங்கள். குழந்தைகளை மொழிபெயர்க்க வைப்பதை இன்றே நிறுத்துங்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆலோசனைக்குப் போங்கள் என்று அடுத்த முறை எழுதும்போது, போகிறவர் என்னவெல்லாம் கேட்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். “எங்க வீட்டுல இதை வேற மாதிரி பார்ப்பாங்க, அதைச் சொல்லட்டுமா?” என்று அவர் தொடங்கலாம். ஆண் ஆலோசகர் வேண்டாம், பெண் வேண்டும் என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் தன் ஊர்க்காரராக இருந்தால் செய்தி வெளியே போய்விடுமோ என்று பயமிருந்தால், வேறு ஆள் வேண்டும் என்று சொல்லலாம். நம்பிக்கையோ சாமியோ பற்றிச் சொன்னதைக் கேட்டு ஆலோசகர் முகம் மாறினால், இவர் எனக்குச் சரிப்படமாட்டார் என்று வேறொருவரிடம் போகலாம். இதையெல்லாம் கேட்பதால் எந்த நல்ல ஆலோசகரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இப்படிக்கு,
ஆலோசகர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு வாசகி