அண்ணனுக்கு: பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை

அண்ணே,

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. நேற்றே மதினியிடம் போனில் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அதற்கு என்னை மன்னித்துவிடு. இன்னொரு படகுக்காக வீட்டை அடகு வைக்க என்னால் முடியாது. போன படகு எப்படிப் போனது, அப்புறம் எத்தனை மாதம் நீ எங்கே இருந்தாய் என்பதை ஊரார் படிக்கிற இடத்தில் எழுதப் போவதில்லை.

இன்று ஜூன் 28. கச்சத்தீவு இலங்கைக்குத்தான் என்று ஒத்துக்கொண்ட ஒப்பந்தம் 1974ல் டெல்லியில் கையெழுத்தான நாள்.

அந்தத் தீவில் அந்தோணியார் திருவிழாவுக்கு அப்பா நம்மைக் கூட்டிப் போனாரே, இலங்கையில் 1983 கலவரத்துக்கு முந்தின வருஷம். கோயிலுக்குப் பின்னால் மணலில் வலையை விரித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன குடத்துத் தண்ணீரை இலங்கைப் பக்கத்து நெடுந்தீவுக்காரர் ஒருவருக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. சீருடை போட்ட ஒருவர் வந்து வலையைக் காலால் தள்ளி, எடு என்று கை காட்டினார். நான் ஓடிப்போய்ப் படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பத்து வயது நீ, அப்பாவுக்கு எதிரே நின்று ஈர வலையின் மறுமுனையைப் பிடித்து மடித்தாய். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கரை வந்து சேரும்வரை வலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே வந்தார். உன் கை நடுங்கவே இல்லை, அண்ணே. இன்றைக்கும் உன்னை நினைத்தால் எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் தேடிப் படித்தேன். அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில், நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், விசா கேட்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. பிடித்துத் தள்ளியது அடுத்த காகிதம். 1976 மார்ச்சில் இரண்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துப் படகு அந்தப் பக்கம் மீன் பிடிக்கக் கூடாது, அந்தப் பக்கத்துப் படகு இந்தப் பக்கம் பிடிக்கக் கூடாது. அப்போது நெருக்கடி நிலை. ஜனவரி 31லேயே தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தாயிற்று, ஏன் என்று கேட்கச் சட்டசபையே இல்லை. 1974ல் நம் எம்.பி. மூக்கையாத் தேவர் மக்களவையில் எதிர்த்துப் பேசினார், சட்டசபையில் தீர்மானமும் போட்டார்கள். என்ன ஆனது? மேற்கு வங்காளத்துப் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க 1960ல் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கச்சத்தீவுக்கு அதுவும் வேண்டாமாம். அது தகராறில் இருந்த இடம், நம் மண் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் டெல்லியின் பதில். ராமநாதபுரம் சேதுபதி ஜமீன் குத்தகைக்கு விட்ட தீவு அது!

தேர்தலுக்குத் தேர்தல் மீட்போம் என்கிறார்கள். நீ ஒவ்வொரு முறையும் நம்புகிறாய். நம்மைக் கேட்காமல் கடலில் கோடு போட்டவர்களை நம்பி இந்த வீட்டை வைக்கச் சொல்கிறாயே, பிள்ளைகள் தூங்குகிற வீடு அது. நான் பயந்தவன்தான். அன்றைக்கும் ஓடி ஒளிந்தவன்தான்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அப்பா போட்டது கைவலை. நீ போடுவது இழுவைமடி, விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகிற வலை. உன் மடி அறுத்துக்கொண்டு போகிற வலை, அன்றைக்கு அப்பாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவருடைய மகன் வலையாகவும் இருக்கலாம். அதை உன்னிடம் சொன்ன ராத்திரி நீ என்னைச் சொன்ன சொல்லையும் இங்கே எழுதவில்லை. இரண்டு தலைநகரும் சேர்ந்து கடலைப் பங்கு போட்டதற்கு வராத கோபம், தம்பி ஒரு கையெழுத்துப் போடாததற்கு வருகிறது உனக்கு.

சரி. அப்பாவின் வலை பரணில்தான் இருக்கிறதா? அதை யாருக்கும் கொடுத்துவிடாதே. சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். மீன்துறை அனுமதி டோக்கன் கிடைத்து நீ யார் படகிலாவது கடலுக்குப் போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை நீ கரை வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.

உன் தம்பி