கடைக்குள் கிளினிக்கும் அம்மாவின் இருமலும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் மருந்துக் கடைகளுக்குள்ளும் பெரிய அங்காடிகளுக்குள்ளும் இயங்கும் சிறு கிளினிக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டிலும் சூப்பர் மார்க்கெட்தோறும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று கட்டுரையாளர் ஆசைப்படுகிறார். நான் பதினெட்டு ஆண்டுகளாக மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் வசிக்கிறேன். இந்தக் கிளினிக்குகள் பிறந்ததே எங்கள் வட்டாரத்தில்தான். கட்டுரையின் புகழ்ச்சியில் பாதியை மனமார ஏற்கிறேன். மறுபாதிக்கு மறுப்புச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரிக் க்ரீகர் என்பவர் தொண்டை வலியால் தவித்த மகனை அழைத்துக்கொண்டு போய், ஒரு சிறிய பரிசோதனைக்காக இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தார். அந்த அலுப்பில் பிறந்த யோசனை 2000ஆம் ஆண்டில் இங்குள்ள கப் ஃபுட்ஸ் மளிகை அங்காடிகளில் குவிக்மெட்எக்ஸ் என்ற பெயரில் உருப்பெற்றது. பிறகு அது மினிட்கிளினிக் ஆனது. 2006இல் சிவிஎஸ் மருந்துக் கடை நிறுவனம் அதை வாங்கி நாடு முழுவதும் பரப்பியது. டாக்டர் இருக்க மாட்டார். மருந்து எழுதும் உரிமை பெற்ற, நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படும் மேல்நிலைச் செவிலியர் ஒருவர் இருப்பார். வாழ்த்து அட்டைகள் அடுக்கிய தட்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள், உள்ளே ஒடுக்கமான ஓர் அறை. அவ்வளவுதான் கிளினிக்.

அந்த ஒடுக்கமான அறைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, வெளியே உறைபனி. என் மகளால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. குழந்தை மருத்துவரின் அலுவலகம் மூடியிருந்தது. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனால் பில் எவ்வளவு வரும் என்று இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். கடைக் கிளினிக்கில் தொண்டைக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதித்து, ஸ்ட்ரெப் கிருமி என்று சில நிமிடங்களில் சொல்லிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் மருந்தோடு வீடு திரும்பினோம். எங்கள் மாநிலத்துக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, காது, தொண்டை, சிறுநீர்த் தொற்றுகளுக்கான செலவை ஒப்பிட்டது. கடைக் கிளினிக்கில் 110 டாலர், டாக்டரிடம் 166, அவசரப் பிரிவில் 570. சிகிச்சையின் தரமும் குறையவில்லை என்றது. நான் கண்ணால் கண்டதும் அதுதான்.

ஆனால் சென்ற கோடையில் பாளையங்கோட்டையிலிருந்து என் அம்மா வந்தார். வந்த பத்தாம் நாள் வறட்டு இருமல் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. படுத்தால் இருமல், பேசினால் இருமல். அவருக்கு நாங்கள் எடுத்திருந்த பயணக் காப்பீடு பழைய நோய்கள் எதற்கும் பணம் தராது. இங்கே அவருக்கென்று டாக்டரும் கிடையாது. எனவே வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு கடைக் கிளினிக்குக்கே அழைத்துப் போனேன். நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு இருமல் மருந்து கொடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் போனபோது வேறு நர்ஸ். ஒவ்வாமையாக இருக்கலாம் என்று வேறு மாத்திரை. மூன்றாம் முறை மூன்றாவது ஒருவர். மூக்குக்குள் அடிக்கும் மருந்து. மூவரும் அன்பானவர்கள். மூவரும் அன்றைய இருமலை அக்கறையாகத்தான் பார்த்தார்கள். அம்மா சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்டார்கள். நான் அட்டையில் இருந்த நம் ஊர் வணிகப் பெயரைச் சொன்னேன். அவர்கள் கணினியில் அந்தப் பெயரே இல்லை. 'ரத்த அழுத்த மாத்திரை' என்று பொதுவாக எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து வாரம் ஆனது. ஓர் இரவு ஒன்பது மணிக்கு, அங்கே காலை ஏழரை, எங்கள் குடும்ப டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் இருமலைப் பற்றிச் சொல்லி முடிக்கும் முன்பே, "கிளம்புகிறபோது அம்மாவுக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்தேனே, அதைத்தானே சாப்பிடுகிறார்?" என்றார். எனலாப்ரில். அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும் என்பது டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். இங்குள்ள ஒரு டாக்டரிடம் நேரம் வாங்க மேலும் பதினோரு நாள் ஆனது. அவர் மாத்திரையை மாற்றினார். மூன்று வாரத்தில் இருமல் போய்விட்டது. எங்கள் டாக்டர் அம்மாவை இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறவர். அந்த மூன்று நர்ஸ்களும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பார்த்தவர்கள்.

கட்டுரையில் விடுபட்டது இதுதான். நோயாளியைத் தொடர்ந்து அறிந்த ஒருவர் இல்லாமல் சிகிச்சை துண்டு துண்டாகிவிடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2006இலேயே இந்தக் கிளினிக்குகளை எதிர்த்தது. தொழில் போட்டியில் பேசுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செலவு குறையும் என்ற வாதமும் முழுமையானதல்ல. இங்கே சிறு நோய்களுக்கான வருகைகளில் 58 சதவீதம், கிளினிக் இல்லாவிட்டால் நடந்தே இருக்காது என்று 2016இல் இன்னோர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு வருகைக்குச் செலவு குறைவு. மொத்தச் செலவு சற்றே கூடுகிறது.

இன்னொன்று, கடை என்பது கடைதான். வால்மார்ட் 2019இல் ஜார்ஜியாவில் முதல் மருத்துவ மையத்தைத் திறந்தது. அங்கே டாக்டர், பல் மருத்துவம், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்தன. 2023இல், அடுத்த ஆண்டு முடிவதற்குள் 75 மையங்களைத் தாண்டுவோம் என்றார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று, ஐந்து மாநிலங்களில் இருந்த 51 மையங்களையும் மூடுவதாக அறிவித்தார்கள். வரவு கட்டுப்படியாகவில்லை, செலவு ஏறுகிறது என்பது காரணம். வணிகருக்கு அது நியாயமான காரணம். அங்கே மாதாமாதம் சர்க்கரைக்குப் பார்த்துவந்தவர் தன் மருத்துவ வரலாற்றைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவார்?

அமெரிக்காவில் டாக்டரைப் பார்க்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், கோடிக்கணக்கானோருக்குக் காப்பீடு இல்லை. அந்தப் பள்ளத்தில் முளைத்தவை இந்தக் கிளினிக்குகள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, அங்கே டாக்டரும் இலவச மருந்தும் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பாளையங்கோட்டையில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கு, அவர் போன மாதம் எந்த மாத்திரையை விழுங்காமல் விட்டார் என்பதுகூடத் தெரியும். சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மருந்து எழுதுபவரையும் விற்பவரையும் ஒரே முதலாளியின் கூரைக்கு அடியில் உட்கார வைப்பது அதை இன்னும் வளர்க்கும் என்று அஞ்சுகிறேன். அந்தப் பணமும் ஆசையும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இரவு ஒன்பது மணி வரை திறந்திருப்பதற்காகச் செலவாகட்டும். அதற்காக ஒரு கோரிக்கை மனு வெளியிடுங்கள்; முதலில் கையெழுத்திடுபவள் நானாக இருப்பேன்.

வெளிநாட்டுக்குப் பெற்றோரை அழைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளையும் பிரசுரிக்க வேண்டுகிறேன். மாத்திரையின் வணிகப் பெயரோடு, அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பையில் வைத்து அனுப்புங்கள். அம்மாவின் தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அடுத்த மே மாதம் அவர் மறுபடி வருகிறார்.

அன்புடன்,
ஒரு வாசகி
செயின்ட் பால், மினசோட்டா