பீடிக்கட்டைப் பிடுங்கிய பிறகு

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் மனநல வார்டில் நோயாளிகளின் பீடிக்கட்டு, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள் என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. பீடிக்காக நான் பரிந்து பேசவில்லை. கடைசி இரண்டு வருடம் அப்பா மூச்சுக்குப் பட்ட பாட்டை நீயும்தான் பார்த்தாய்.

முதலில் அவசரமான ஒன்று. அங்கே மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று இன்றைக்கே பார்த்து டாக்டரிடம் சொல். புகையில் இருக்கும் தார், கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். புகை நின்றால், அதே மாத்திரைக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தோலில் நிகோட்டின் பட்டை ஒட்டினாலும் இதைத் தடுக்க முடியாது. நான் இங்கிலாந்து வந்த முதல் வருடம், புகையை நிறுத்திய ஒருவர் ஒரு வாரத்துக்குள் டீ கோப்பையைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தார். தலையணை உறை எச்சிலில் நனைந்து கிடந்தது. "அமைதியாக இருக்கிறார்" என்று நோட்டில் எழுதியிருந்தார்கள்! ரத்தப் பரிசோதனை செய்து டோஸைக் குறைத்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உரிமை என்று பேசினால் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஸ்காட்லாந்தில் கார்ஸ்டேர்ஸ் மனநல மருத்துவமனையில், 2011 டிசம்பரில் தோட்டம் உட்பட வளாகம் முழுக்கப் புகைக்கத் தடை போட்டார்கள். அப்போது அங்கே ஜெயில் கைதிகளுக்குக்கூட அந்தத் தடை கிடையாது. சார்ல்ஸ் மெக்கேன் என்ற நோயாளி வழக்குப் போட்டார். 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், புகைக்கக் கூடாது என்று சொல்ல நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. ஆனால் புகையிலையை வைத்திருக்கவே விடாமல், சோதனை போட்டுப் பறித்தது சட்டப்படி செல்லாது என்றும் சொன்னது. அங்குள்ள மனநலச் சட்டம் கேட்கும் முறை எதையும் பின்பற்றவில்லை என்பதுதான் காரணம். இதற்கு முன்பு இங்கிலாந்தில் ராம்ப்டன் மனநல மருத்துவமனை நோயாளிகள் புகைத் தடையை எதிர்த்துப் போட்ட வழக்கு 2009-ல் தோற்றது. அதனால் மெக்கேன் வழக்கை நான் பெரிதாக நினைக்கிறேன்.

நம் இந்தியாவின் 2017 மனநலச் சட்டத்தைப் பார். நோயாளிக்குக் கட்டாய மொட்டை போடக் கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறது. எழுதும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். கட்டடத்துக்குள் புகை வேண்டாம், சரி. ஆனால் நமக்குத் தலை வலித்தால் வாசல் கடைக்குப் போய் டீ குடிக்கிறோம். பூட்டிய வார்டில் இருக்கிறவர் எங்கே போவார்? பறிப்பதற்கு முன் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். நிகோட்டின் சூயிங்கமாவது கையில் கொடுத்திருக்கலாம்.

மடியில் அரைப் பீடியை ஒளித்து வைத்தாரே ஒரு தாத்தா, அவரைக் கேட்டதாகச் சொல். இப்போது சரியாகச் சாப்பிடுகிறாரா? அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் எழுது.

அன்புடன்,
உன் தேவி