ஒரு சைக்கிள் நிற்க இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989-ல் விருதம்பட்டில் சைக்கிள் கடை போட்டவன் நான். பாலாற்றங்கரை மண்பாதை காட்பாடி சாலையில் வந்து ஏறும் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். அங்கே அடிபட்ட மூன்று சைக்கிள்கள் போன மாதம் மட்டும் என் கடைக்கு வந்தன. மூன்றிலும் முன்சக்கரம்தான் கோணல். ஒன்றில் பெண்டு எடுக்கவே வழியில்லை, ரிம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. ஓட்டி வந்த பள்ளிக்கூடப் பையனுக்கு, நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

கண்மண் தெரியாமல் வந்தான் என்று எல்லோரும் பையனைத்தான் திட்டினார்கள். பாதையைப் போய்ப் பாருங்கள். கடைசிப் பத்தடி சுவர் மாதிரி ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும், மறுபடி மிதித்து ஏற முடியாது. அதனால் யாருமே நிற்பதில்லை. எழுந்து நின்று மிதித்து, வந்த வேகத்தில் சாலைக்குள் வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வருகிறேன். வலது கைப்பக்கம் சீமைக் கருவேல முள் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பாலத்திலிருந்து இறங்கும் பஸ், முள்ளைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பஸ் ஒரே நொடியில் 50 அடிக்கு மேல் வந்துவிடும். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கவே அந்த ஒரு நொடி ஆகும்.

ஜீப்ரா கோடு இருக்கிறது, நூறு அடி தள்ளி, யாரும் கடக்காத இடத்தில். கோட்டில் ஆள் இருந்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்று 2017-ம் ஆண்டு ஓட்டுநர் விதிமுறையே சொல்கிறது. வெறும் பெயின்ட்டைப் பார்த்து இங்கே எந்த வண்டியும் நின்றதில்லை.

பாதை ஏறி முடியும் இடத்தில் பத்தடிக்குச் சமதரை போட்டால் போதும், காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுக் கடப்போம். முள்ளை வெட்ட அரை நாள் வேலை. அப்புறம், ஜீப்ரா கோட்டை இந்த இடத்துக்கு மாற்றி, அகலமான வேகத்தடை மேல் போட வேண்டும். சாலை நடுவே ஒரு திட்டும் வேண்டும். காலை நடைக்கு வரும் அம்மாக்கள் இப்போது பாதிச் சாலையில் கைகோத்து நிற்கிறார்கள். நடை மேம்பாலம் கேட்கலாமே என்றார் ஒருவர். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு யார் படியேறுவது?

மனு கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. பார்வையிட வரும் அதிகாரி ஜீப்பில் வர வேண்டாம். என் கடையில் வாடகை இல்லாமல் ஒரு சைக்கிள் தருகிறேன், ஆற்றங்கரையிலிருந்து மிதித்து மேலே வரட்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
விருதம்பட்டு, வேலூர்.